பிளாக் முழுக்க என் ரத்தம்

எங்கள் பிளாக்கில் ஒரு மாதத்துக்கும் மேல் யாருக்குமே சர்க்கரை நோய் இல்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பையன் படித்து முடித்தால் ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" இன்ஜினீயரிங் முடித்துவிட்டு குவார்ட்டர்ஸ் வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. (அம்மா மட்டும், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிகினு இருக்கான்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.) அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். அவர் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் நான் எதையாவது பற்றிக்கொண்டு கரையேற வேண்டும் என்று வீட்டில் வெளியே சொல்லாமல் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் பஜாரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்த ராஜமாணிக்கம் அண்ணன் எங்கள் பிளாக்குக்கு இலவச சர்க்கரை முகாம் நடத்தினார். ஆளாளுக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. சிக்கல் ரிப்போர்ட்டில். லேப்பில் ரிப்போர்ட் சர்வர் ஒன்று இருந்தது. மெஷின் கண்டுபிடித்த அளவுகளெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து பட்டனைத் தட்டினால், யோசித்து யோசித்து ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கொடுக்கும்.

"பிளாக்கு பூராத்துக்கும் இப்பிடித் தட்டிகினு இருந்தா தீபாவளி வந்துடும் தம்பி. நீ கம்ப்யூட்டர்தான படிச்ச? எதனா பண்ணு" என்றார்.

பண்ணினேன். இணையத்தில் தேடி ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பிடித்தேன். அதாவது, முகம் தெரியாத யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்ட நிரல்களின் தொகுப்பு. இந்தக் குறிப்பிட்ட தொகுப்பு, ரிப்போர்ட் சர்வரிடம் நம் சார்பில் போய் நின்று, வரிசையாக ரிப்போர்ட் கேட்டு வாங்கி வரும். நாம் நாலு வரி எழுதினால் போதும். கூடவே நீளமான விளக்கக் குறிப்பு ஒன்றும் இருந்தது. படித்து நேரத்தை வீணாக்குகிற ஆள் நான் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு ரத்தம் தேவைப்பட்டது. என் கையையே நீட்டினேன். சர்க்கரை எண்பத்தெட்டு. ரிப்போர்ட் அழகாக வந்தது. ராஜமாணிக்கம் அண்ணனுக்கு மட்டும் திருப்தியில்லை. மேலே தன் போட்டோ வரவேண்டும் என்றார், சித்திரைத் திருநாள் வாழ்த்தும் வேண்டுமாம். இடம் போதவில்லை. சர்வர் கொடுத்த ரிப்போர்ட்டின் தலைப்பகுதியை, நோயாளியின் பெயரோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, அங்கே கைகூப்பிய ராஜமாணிக்கம் அண்ணனை ஒட்டினேன். அவருக்குக் கீழே பெயர்களை நானே என் பட்டியலிலிருந்து போட்டுக்கொண்டேன். கீழே இருந்த அளவுகள் மட்டும் சர்வரிடமிருந்து வந்தன.

வந்ததாக நினைத்தேன். அந்த லைப்ரரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை வாங்கி வந்த ரிப்போர்ட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால், வேறு பெயரில் கேட்டாலும், சர்வரைத் தொந்தரவு செய்யாமல் கையில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிடும். ஆளுக்கு ஆள் மாறுகிற ரிப்போர்ட் என்றால் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள் என்று அந்தப் புண்ணியவான் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். (பிறகு படித்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, மூன்று தடவை.)

ஒரு டீ குடிப்பதற்குள் மொத்த பிளாக்குக்கும் ரிப்போர்ட் தயார். என்ன வேகம் என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். சர்வர் அன்று வேலையே செய்யவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இந்தத் தடவையும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராட்சச இயந்திரங்களுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த மனிதர், ஊசி என்றால் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரிப்போர்ட்டை நானே வாசித்துக் காட்டினேன்.

"எண்பத்தெட்டுப்பா. நார்மல்."

"இன்னாடா சொல்ற? நல்லாப் பாரு."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா."

அப்பா எட்டிப் பார்த்து அந்த எண்ணைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு, "அப்ப மாத்திரை?" என்றார்.

"அதான் நார்மலா இருக்கே, எதுக்கு?" என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது. சாயங்காலமே அப்பா முத்தாண்டிக்குப்பம் பக்கம் வண்டியை விட்டு, ஒரு முழுப் பலாப்பழத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அம்மா எண்ணெய் தடவி அறுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அப்பாவோடு வாக்கிங் போனபோது, எதிர்வீட்டுத் தங்கராஜ் அங்கிள் செல்போனில் வந்திருந்த தன் ரிப்போர்ட்டை அப்பாவிடம் நீட்டினார். அவர் திருநெல்வேலிக்காரர், அப்பாவோடு ஒரே ஷிஃப்ட். "என்ன வே இது, எனக்கும் எம்பத்தெட்டுதான் போட்டிருக்கு?"

கடவுள் என்னைக் காப்பாற்ற நினைத்த தருணம் அது. நான்தான் இடம் கொடுக்கவில்லை. "ஒரே பிளாக், ஒரே தண்ணி, ஒரே வாக்கிங். அப்படித்தான் அங்கிள் வரும்" என்று விளக்கினேன். இருவரும் படித்த பையன் சொல்கிறான் என்று தலையாட்டிவிட்டு நேராக டீக்கடைக்குப் போய், பல வருடத்துக்குப் பிறகு சர்க்கரை போட்ட டீ குடித்தார்கள்.

பலாப்பழ சீசன் முழுக்க இப்படியே போனது. நடுவில் அம்மா, "பாத்ரூம்ல ஏன்டா இப்பிடி எறும்பு மொய்க்குது?" என்று கேட்டாள். கடைக்குப் போய் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து, சுவரோரம் நேராகக் கோடு போட்டுக் கொடுத்தேன். நல்ல பிள்ளை.

அப்பாவின் இடது கால் சுண்டுவிரலை சேஃப்டி ஷூ கடித்திருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. சர்க்கரைதான் இல்லையே, தானாக ஆறிவிடும் என்று மஞ்சள் வைத்தார். காய்ச்சல் வந்து ஷூவையே போட முடியாமல் போன அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விரல் கறுத்திருந்தது. டாக்டர் அங்கேயே சர்க்கரை பார்த்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாரோட ரிப்போர்ட்?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. எண்பத்தெட்டு. என் கை, என் ரத்தம். விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்றார்கள். எடுத்தார்கள். வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே அந்த விளக்கக் குறிப்பைப் படித்தேன்.

அப்பாவை வார்டில் படுக்க வைத்துவிட்டு, சர்வரிலிருந்து உண்மையான ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். ("மொதல்ல என் போட்டோவ எடுத்துடு தம்பி" என்றார் ராஜமாணிக்கம் அண்ணன்.) பிறகு வீடு வீடாகப் போனேன். சாவுச் செய்தி சொல்லப் போகிறவன் மாதிரி கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "அங்கிள், உங்களுக்கு சர்க்கரை இருக்கு" என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள், அது பரவாயில்லை. "அப்பாவுக்கு எப்பிடிப்பா இருக்கு?" என்று கேட்டவர்களைத்தான் தாங்க முடியவில்லை. தங்கராஜ் அங்கிள் மட்டும் புது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே மறுத்தார். "எனக்குப் பழசே நல்லாத்தான் இருக்கு. நீ போயிட்டு வாடே." அவர் மனைவி பின்னாலிருந்து வந்து அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக வார்டுக்குத் திரும்பி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பிளாக்கு பூரா உன் ரத்தந்தான் ஓடிச்சா?" என்றார். "நல்லவேளை, ஒருத்தனுக்கும் உன்ன மாதிரி வேலை இல்லாம போவல."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகி, நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். எனக்கும் சென்னையில் வேலை கிடைத்தது. (மற்றவர்கள் எழுதும் நிரலில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. என்னை வேலைக்கு எடுத்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.) எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், எக்ஸ்ரேயோ பள்ளிக்கூட மார்க் ஷீட்டோ, அப்பா முதலில் என்னைப் பார்த்து, "இது யாரு ரத்தம்டா?" என்று கேட்பார். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

போன வருடம் என் ஆபீசில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஊருக்குப் போனபோது என் ரிப்போர்ட்டை அப்பாவிடம் கொடுத்தேன். வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரிலிருந்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சர்க்கரை அளவில் வந்து விரல் நின்றது. இருநூற்றுப் பத்து.

"இந்த வாட்டி கம்ப்யூட்டரு தப்பு பண்ணலடா" என்றார். "பேரு உன்னுது. ரத்தம் என்னுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.