ரூடி தேர்வானதும் நான் எழுந்திருக்காததும்

அன்புத் தம்பி ஆன்டனுக்கு,

ஆக்ரனிலிருந்து அண்ணன் எமில் எழுதுவது. உன் முழங்கால் வலியை விசாரித்ததாக எடுத்துக்கொள். நிதானமாக விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. என் மகன் ரூடி, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்தப் பௌலிங்கில் பெரிய போட்டிக்குத் தேர்வாகிவிட்டான். "டயர் ஃபேக்டரிக்குப் போறவன் டூர்ல போய் உருட்டப் போறானாக்கும்" என்று ஈஸ்டர் விருந்தில் என் வீட்டுப் பன்றிக்கறியை மென்றுகொண்டே சொன்னாயே, அதே ரூடி.

போன வருடம் ஜெயித்த பெரிய கைகளுக்கு நேரே உள்ளே இடம். மற்றவர்கள் முதல் நாளே வந்து உருட்டி, விழுத்திய கட்டைகளின் மொத்தக் கணக்கில் முந்த வேண்டும். முயல்கள் என்று அவர்களுக்குப் பெயர். இன்று நூறு முயல்களுக்கு மேல். இருந்ததோ ஆறே இடம். முதல் ஆட்டத்தில் நான் ஹாட் டாக் வாங்க எழுந்தேன், ரூடியின் பந்து மூலைக்கொரு கட்டையை நிற்கவிட்டுப் போனது. உட்கார்ந்தேன், அடுத்த சுற்றில் ஒரே பந்தில் பத்தும் சரிந்தன. உன் அண்ணி ரோசலி என் தோளை அழுத்தி, "இது ராசியான சீட்டுங்க. எழுந்தீங்க, புள்ள பொழப்பு போச்சு" என்றாள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் உருட்டும் தடம் மாறுவார்கள் அல்லவா, ரூடி நகர்ந்து நகர்ந்து ஒரு தூணுக்கு அப்பால் மறைந்தான், ரோசலியும் பின்னாலேயே போனாள், நான் அசையவில்லை, கால் மரத்தது, பாத்ரூம் அவசரம் வந்தது, என் காரை நகர்த்தச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், எவனோ என் சட்டையில் பீரைக் கொட்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆறாம் இடத்துக்குக் கடைசிப் பந்தில் ஒன்பது கட்டை வேண்டும் என்று ரோசலி ஓடிவந்து சொன்னாள். தூணுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது பார், கேட்டதுமே தெரிந்தது, பத்தும் போயிற்று. அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. அப்பனும் மகனும் சேர்ந்து வாங்கிய இடம் அது.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசி. இதை உன் மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

தலை நிமிர்ந்து நடக்கும் அண்ணன்,
எமில் ஹுடாக்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரோசலி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். ராசியும் இல்லை, கீசியும் இல்லையாம். பின்னால் நின்று நான் யோசனை சொன்னால் பையனுக்குக் கை நடுங்குகிறதாம். "அப்பாவ எங்கயாச்சும் உக்கார வெச்சிடும்மா" என்று அவன்தான் கெஞ்சினானாம். நாளை பெரிய போட்டி. கார் நிறுத்துமிடத்தில் இதைவிட ராசியான இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம். போய் உட்காரத்தான் போகிறேன். கார்க் கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொள்வேன். கட்டை விழும் சத்தம் கேட்குமே.