எடுத்த கீறலைத் திரும்பப் போடுவது எப்படி?

மதிப்பிற்குரிய நுரை வாத்தியார் அண்ணா அவர்களுக்கு,

இங்கே நானும் என் இரண்டு வாளிகளும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் நுரைத் துப்பாக்கியும் சுகமாக இருக்க வேண்டும். கார் கழுவுவது பற்றித் தாங்கள் இதுவரை போட்ட இருநூற்றுப் பதினான்கு வீடியோக்களையும் பார்த்தவன் நான். ‘சக்கரத்துக்குத் தனி வாளி’ பாகத்தை மட்டும் ஐந்து முறை. தங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. கேள்வி சின்னதுதான். தயவுசெய்து உடனே பதில் போடவும்.

கேள்வி: பாலிஷ் போட்டு முழுசாக எடுத்துவிட்ட ஒரு கீறலை, அதே கதவில், அதே இடத்தில், அதே நீளத்தில் திரும்பப் போடுவது எப்படி? மாலை ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். இப்போது மணி இரண்டு நாற்பது. அப்பா தூங்குகிறார்.

சிரிக்காதீங்க அண்ணா. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் இதில் என் தப்பு எவ்வளவு என்று.

எங்கள் கார் வெள்ளை. அப்பா அதை இத்தனை வருஷமும் பழைய பனியனாலும் துணி துவைக்கிற பவுடராலும்தான் கழுவிக்கொண்டிருந்தார். பனியனைக் கீழே போட்டு, எடுத்து, உதறாமல் அப்படியே பானெட்டில் தேய்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். நான் போய் “அப்பா, மண்ணு கோடு போடும்ப்பா, துவைக்கிற பவுடர் மெழுகை உரிச்சிடும்ப்பா, காருக்குன்னு ஷாம்பு இருக்குப்பா” என்று சொன்னால், “உனக்கே மாசத்துக்கு ஒரு ஷாம்பு பாட்டில் போதலை, இதுல காருக்கு வேறயா” என்பார். அப்பாவுக்கு வேலை, கடைகடையாகப் போய்த் தராசு சோதித்து முத்திரை வைப்பது. அவர் ஒன்று சொன்னால் அதில் ஒரு கிராம் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அவர் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதாவது, மூன்று வாரம் முன்னால் வரைக்கும்.

இன்று காலையில் அந்த மனிதர் தானாக என்னிடம் வந்து, “டேய், காரைக் கழுவி வை. அஞ்சு மணிக்கு ஆள் வர்றாங்க” என்றார். அண்ணா, எனக்கு எப்படி இருந்திருக்கும்! வாழ்நாள் சந்தர்ப்பம். சேர்த்து வைத்திருந்த சாமான் எல்லாவற்றையும் இறக்கினேன். நிழலில் நிறுத்தினேன். முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே. ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் அலசுகிற தண்ணீர், அடியில் மண் தங்கச் சல்லடை. ஸ்பாஞ்சா, கையுறையா என்று பத்து நிமிஷம் யோசித்து, நீங்கள் சொன்னபடி கையுறைதான் போட்டேன். பாத்திரம் கழுவுகிற திரவத்தை அம்மா நீட்டினாங்க, “இதுவும் நுரைதானடா” என்று. நான் வாங்கவில்லை. ஒட்டிய அழுக்கை எடுக்கக் காருக்கென்றே விற்கிற களிமண் கட்டியால் தடவினேன், கண்ணாடி மாதிரி வழுக்கியது. துடைக்கும்போதுதான் பார்த்தேன், இடது பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பாக ஒரு கீறல். நகத்தால் தடவினேன். நகம் மாட்டவில்லை. பெயிண்ட் ஆழமாப் போகலை, மேலே ஏதோ பிளாஸ்டிக் உரசி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்! கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்ட் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, மைக்ரோஃபைபர் துணி, சின்னச் சின்ன வட்டம். பன்னிரண்டே நிமிஷம். அண்ணா, போயே போச்சு! எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் தெரியவில்லை. அதற்கு மேல் மெழுகு இரண்டு கோட்டிங். என் வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்து முடித்த முதல் வேலை அதுதான். உங்களுக்குப் படம் அனுப்பலாம் என்றால் ஃபோனில் இடம் இல்லை, முழுக்க உங்கள் வீடியோதான்.

அப்போதுதான் அம்மா துணி காயப்போட வந்தாங்க. காரைப் பார்த்தாங்க. கையில் இருந்த தலையணை உறை கீழே விழுந்தது.

“டேய்... அந்தக் கோடு எங்க?”

“எடுத்துட்டேம்மா!”

“எடுத்து எங்கடா வச்சிருக்க?”

“அம்மா, கீறலை எடுத்தா வைக்க முடியாதும்மா. போயிடும்.”

“பாவி, அதுதான்டா சாட்சி!”

விஷயம் இதுதான் அண்ணா. அது மேல்மாடிப் பல் டாக்டர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது உரசிய கீறலாம். அவர் கார் பம்பர் கருப்பு பிளாஸ்டிக். அப்பா கேட்டதற்கு “நான் தொடவே இல்லையே” என்றாராம். அப்பா குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். டாக்டர், “நிரூபிங்க, இல்லாட்டி எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க” என்று பதில் போட்டிருக்கிறார். குடியிருப்புச் செயலாளர் ஐந்து மணிக்கு வந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லப் போகிறார். அவர் நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். படம் எல்லாம் காட்டினால் செல்லாது, “படம் யாரு வேணா பண்ணலாம், கண்ணால பாத்தது, டேப்புல அளந்தது, ரெண்டைத்தான் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டாராம். அதற்காகத்தான் அப்பா தூசியைக் கழுவச் சொல்லியிருக்கிறார். கீறல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று!

இத்தனையும் மூன்று வாரமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேசியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. காதில் நீங்கள்தான் இருந்தீங்க.

இனிமேல் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருப்பு ஷூ பாலிஷை விரலில் எடுத்து அதே இடத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மணி மணியாகத் திரண்டு கீழே வழுக்கி வந்துவிட்டது. பென்சில் போட்டேன், வழுக்கியது. அம்மாவின் கண் மை, அதுவும் வழுக்கியது. நீங்கள் சிபாரிசு செய்த மெழுகு அவ்வளவு நல்ல மெழுகு அண்ணா, அதன்மேல் எதுவும் ஒட்டாது. கடைசியாக மெழுகை உரிக்கலாம் என்று பாத்திரத் திரவத்தைக் கேட்டேன்.

“இப்ப மட்டும் வேணுமா?” என்றாங்க அம்மா. “உங்கப்பா ஊர்ல இருக்கிற கள்ளத் தராசை எல்லாம் பிடிக்கிறவரு. அவர் பையன் அவர் கார்லயே கள்ளக் கீறல் போடுறியா? அவர் சொன்ன நிஜத்தை நீ பொய்யாக்கிடுவடா.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் அண்ணா, அது புதுக் கீறல் இல்லையே. இருந்ததைத்தானே திரும்ப வைக்கிறேன்? அது பொய்யா? இதையும் இரண்டாவது கேள்வியாக எடுத்துக்கொள்ளவும். உள் அறையில் கட்டில் கிறீச்சிடுகிறது. புரண்டு படுக்கிறார் என்று நினைக்கிறேன். ஐந்து மணிக்கு அந்த மனுஷன் எல்லார் முன்னாலும் போய் நின்று, கையை நீட்டி, “இதோ பாருங்க” என்று சொல்லப் போகிற இடத்தில் ஒன்றுமே இருக்காது. அவர் முகம் மட்டும் அந்தக் கதவில் தெரியும். அவ்வளவு பளபளப்பு.

வீட்டில் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் காரில் பறவை எச்சம் படாதிருக்கட்டும். தங்கள் துணிகள் கீழே விழாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்காக நகம் கடித்துக்கொண்டிருக்கும்,
இருநூற்றுப் பதினான்கும் பார்த்தவன்

பின்குறிப்பு: அனுப்புவதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார், அதனால் இது போகவே இல்லை. இப்போது மணி ஆறரை. மேலே எழுதியதை அழிக்க மனசு வரவில்லை, ஆனால் அதில் கேட்டது எதற்கும் பதில் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

எழுந்து வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. ஐந்து மணிக்குச் செயலாளர் டேப்போடும் நோட்டோடும் வந்தார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா நேராகப் பின்கதவுக்குப் போனார், குனிந்தார், விரலால் தடவினார். இன்னும் குனிந்தார். பக்கத்துக் கதவையும் பார்த்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் அங்கே இருக்கிற கதவையும் பார்த்துவிட்டு வந்தார்.

“எங்க சார்?” என்றார் செயலாளர்.

“நான்தான் துடைச்சிட்டேன்” என்றேன்.

“இருந்தாத்தானே துடைக்க!” என்றார் டாக்டர்.

அப்பா என்னைத் திட்டவில்லை அண்ணா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, “நான் சொன்னது நிஜம். ஆனா காட்ட முடியல. காட்ட முடியாததுக்கு மன்னிப்பு...” என்று ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. நடுவில் புகுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நகத்தால் பார்த்தது, பட்டாணி அளவு, சின்ன வட்டம், ஒரு சாண் கருப்புக் கோடு பன்னிரண்டு நிமிஷத்தில் காணாமல் போனது, எல்லாம். செயலாளர் எழுதவில்லை. “இதெல்லாம் கேட்டதுப்பா, பாத்தது இல்ல” என்று சொல்லி அப்பாவைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார், மன்னிப்பை எப்படி எழுதுவது என்று பேச.

டாக்டர் மட்டும் போகவில்லை. கதவைத் தடவிக்கொண்டே நின்றார். பல்லைப் பளபளப்பாக்குகிறவர் இல்லையா, வேலை புரிந்துவிட்டது.

“பன்னெண்டு நிமிஷத்துலயா தம்பி?”

“ஆமா டாக்டர்.”

“சரி, இந்த... வெள்ளைப் பெயிண்ட் ஏதாவது கருப்பு பிளாஸ்டிக்ல ஒட்டினா, அதுவும் போகுமா?”

சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மேல்மாடி டாக்டர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார், அது மட்டும்தான் மண்டையில் ஏறியது. “கொண்டாங்க பாத்துடலாம்!” என்று பேஸ்டோடு அவர் கார் பின்னால் ஓடினேன். பம்பர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சாண் கோடு. தேய்த்தேன். கோடு போய்விட்டது. ஆனால் பேஸ்ட் போகவில்லை! சொரசொரப்பான பிளாஸ்டிக் அண்ணா, பெயிண்ட் அடிக்காதது. குழிகுழியாக இருக்கிற இடத்தில் எல்லாம் பேஸ்ட் புகுந்து உட்கார்ந்து காய்ந்து, உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பெரிசாகிறது. தொண்ணூற்றேழாம் பாகத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தீர்களே, ‘கருப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் படவே கூடாது’ என்று. அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் போட்ட சத்தத்தில் அப்பாவும் செயலாளரும் ஓடி வந்தார்கள்.

“சார், பாருங்க சார்! வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆகல, இந்தப் பையன் நாசம் பண்ணிட்டான்!”

“அவன் எதுக்கு உங்க பம்பரைத் தொட்டான்?” என்றார் செயலாளர்.

“நான்தான் சார் கோட்டை எடுக்கச் சொன்னேன். கோட்டை எடுத்துட்டு இதை வச்சிட்டான்!”

“எந்தக் கோடு?”

“வெள்ளைக் கோ...”

டாக்டர் வாய் திறந்தபடியே நின்றது. அவரிடம் போகிறவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

செயலாளர் பம்பர் பக்கம் குனிந்தார். டேப்பை இழுத்தார். தரையிலிருந்து கறை வரைக்கும் அளந்தார். நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி, மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா எழுதிக் கொடுத்த புகாரைப் படித்தார். “‘கீறல், தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.’ இதுவும் ஐம்பத்திரண்டு.” பிறகு பேனாவைத் திறந்து, எழுத எழுத வாய்விட்டே சொன்னார்: “வெள்ளைக் கறை. உள்ளங்கை அளவு. கண்ணால் பார்த்தேன்.”

“லைட்டாத்தான் சார் பட்டுச்சு” என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அடுத்த வாரம் நானே கழுவிக்கறேன்” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “அந்த ஷாம்பு எங்க இருக்கு?” என்றார். அண்ணா, பவுடர் இல்ல, ஷாம்பு!

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. செயலாளர் நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துத்தான் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவாராம். அதுவரை கறை அங்கேயே இருந்தாக வேண்டும். டாக்டர் இப்போதுதான் வந்து, “தம்பி, இது எப்படிப் போகும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். “சரி, நீ பாக்கறியே அந்த நுரை வாத்தியார், அவரையே கேட்டுடறேன்” என்று என் கண் முன்னாலேயே உங்கள் கேள்வி-பதில் பகுதியில் சேர்ந்து, தட்டச்சு செய்துகொண்டே மாடி ஏறிப் போனார்.

காலில் விழுந்து கேட்கிறேன் அண்ணா. பல் டாக்டர் என்று ஒருவர் எழுதினால், நாளைக் காலை பத்து மணி வரைக்கும் பதில் போட்டுடாதீங்க.