மாமனாரின் சேவலைக் கொன்றது யார்?

கேமரா ஆதாரத்தோடு இதுவரை நான் ஒரே ஒரு கொலைகாரனைத்தான் பிடித்திருக்கிறேன். அது நானேதான்.

கம்பத்தில் சிசிடிவி கேமரா மாட்டுவது என் தொழில். ஏலக்காய்க் கடை, திராட்சைத் தோட்டம், கல்யாண மண்டபம் என்று நான் ஏணி வைக்காத சுவர் குறைவு. எங்கேயாவது திருட்டு போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரெக்கார்டிங்கை ஓட்டிக் காட்டி இரண்டு சைக்கிள் திருடர்களைப் பிடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் நடக்கும் நடையே மாறிவிட்டது. (மாறியதை முதலில் கவனித்தது என் மனைவி. "இடுப்புல எதும் சுளுக்கா?" என்று கேட்டாள்.)

எங்களுக்கு மகள் பிறந்தது ஆடிச் சாரலில். தாய்வீடான கடமலைக்குண்டுக்குப் போகவேண்டிய மனைவி, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்று கம்பத்திலேயே இருந்துவிட்டாள். அதனால் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்காம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டோவில் தாயும் பிள்ளையும் வீடு வருவதாக ஏற்பாடு.

அதற்கு இரண்டு நாள் முன்பு மாமியார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பச்சப்பிள்ளைக்குச் சாரக்காத்து ஆகாது மாப்ள. ரூம அடைச்சு, கட்டிலுக்கு அடியில கதகதப்புக்குக் கரிச்சட்டி வச்சிருவோம்."

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மாப்பிள்ளை நான். ஜன்னல் இடுக்குகளில் தெர்மாகோல் செருகினேன். மேலே டேப் ஒட்டினேன். காற்றுத் துவாரத்தை அட்டையால் மூடினேன். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தேன். எறும்பு உள்ளே வரவேண்டுமென்றால் என்னிடம் சாவி வாங்கவேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமனார் வந்து இறங்கினார், மடியில் ஒரு சேவலோடு. செவலை நிறம், வளைந்த வால், கடமலைக்குண்டில் அதை விலைக்குக் கேட்காத ஆள் இல்லையாம். யாருக்கும் கொடுக்காத சேவலைப் பேத்திக்காகக் கொண்டுவந்திருந்தார்.

"பேர் வைக்கிற அன்னைக்கு அறுப்போம் மாப்ள. அதுவரைக்கும் உங்க பொறுப்பு" என்று என் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

என் பொறுப்பில் அது பன்னிரண்டு மணி நேரம்கூட வாழவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூட்டைத் திறந்தால் சேவல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. எழுப்பினேன். எழவில்லை. காயம் இல்லை, ரத்தம் இல்லை, ஓர் இறகுகூட உதிரவில்லை. கொண்டை மட்டும் நேற்றைவிடச் சிவப்பாக இருந்தது. நாலு மணிக்கு மாமனாரும் அந்த ஆட்டோவில்தான் வருகிறார். வந்ததும் பேத்தியைக் கட்டிலில் போட்டுவிட்டு, அடுத்து எங்கே போவார் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் யார்? கேமராக்காரன். எங்கள் கொல்லைப்பக்கச் சுவரிலேயே ஒன்று மாட்டியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்தேன். காலை ஐந்தேகாலுக்குப் பக்கத்து வீட்டு நாய் ஜிம்மி வருகிறது. கூட்டை முகர்கிறது. சுற்றி ஒரு நடை போகிறது. மூலையில் காலைத் தூக்குகிறது. போய்விடுகிறது.

வழக்கு முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டேன். காயமே இல்லையே என்றால், பயத்தில் மாரடைப்பு. (கோழிக்கு மாரடைப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரும் என்று சொல்லியிருப்பேன்.)

மானிட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் மதில்மேல் வைத்து, தெருவில் பத்துப் பேரைக் கூட்டிவிட்டேன். ஜிம்மியின் சொந்தக்காரர் பால்பாண்டி அண்ணன், பிராய்லர் கோழிப் பண்ணையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். பண்ணைக்குப் போக சைக்கிளை எடுத்தவர் ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

"பாத்துக்கங்கண்ணே. உங்க நாய்தான். சாயங்காலத்துக்குள்ள அது இந்தத் தெருவுல இருக்கக்கூடாது. பச்சப்பிள்ள வர்ற வீடு" என்றேன். குரலில் நீதிபதி இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. என் மாமியாரைப் பார்த்து, "ஏத்தா, சேவல் விடியக்காலம் கூவுச்சா?" என்று கேட்டார்.

"அதத்தான் நானும் நெனச்சேன். நாலு மணிக்கு முழிச்சுக் கெடந்தேன். சத்தமே இல்ல."

"அப்ப நாய் வர்றதுக்கு முந்தியே செத்துருச்சு. தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க."

ஓட்டினேன். வேறு வழியில்லை, பத்துப் பேர் நிற்கிறார்கள். படம் பின்னால் ஓடி, முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணியில் நின்றது. மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆசாமி கொல்லையில் வருகிறான். கையில் தகதகவென்று ஒரு சட்டி.

"அது நீங்கதானே மாப்ள" என்றார் மாமியார்.

நான்தான். சாரலில் சேவல் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், பிள்ளைக்கென்று வாங்கிய கரிச்சட்டி சும்மாதானே இருக்கிறது என்று பற்றவைத்துக் கூட்டுக்குள் வைத்திருந்தேன். படத்தில் அந்த ஆசாமி கூட்டைச் சுற்றித் தார்ப்பாயைப் போர்த்துகிறான். இழுத்துக் கட்டுகிறான். இடுக்குகளில் டேப் ஒட்டுகிறான். எல்லாம் முடிந்ததும் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறான். ஏன் உயர்த்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தெருவே சிரித்தது. பால்பாண்டி அண்ணன் மட்டும் சிரிக்காமல் கொல்லைக்குப் போய்ச் சேவலைத் தூக்கிப் பார்த்தார்.

"கொண்ட எப்பிடிச் செவந்து கெடக்கு பாருங்க. நோவுல செத்தா கருத்துப்போகும். இது கரிக்காத்து, அடைச்ச எடத்துல கரி கக்குற வெஷம். எங்க செட்டுலயும் குளிருக்குக் குஞ்சுகளுக்குக் கரி வைப்போம். ஆனா படுதாவ முழுசா எறக்கவே மாட்டோம். ஒருக்கா நானே அசந்து எறக்கிட்டேன். காலைல பாத்தா அம்புட்டுக் குஞ்சும் தூங்குற மாதிரியே கெடந்துச்சு. பொகையும் தெரியாது, வாசமும் தெரியாது."

நான் அப்போதுகூட, மாமனாரிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். (அவ்வளவு பெரிய துப்பறிவாளன்.) மாமியார் என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, அந்த ரூமு" என்றார்.

உள்ளே ஓடினோம். மடித்து வைத்த துணி, புதுக் குல்லா, கட்டிலுக்கு அடியில் காலையிலேயே கூட்டிலிருந்து எடுத்துக் கழுவிக் கரி நிரப்பி வைத்த அதே சட்டி, பக்கத்தில் தீப்பெட்டி. சுற்றிலும் என் டேப்.

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாங்கள்லாம் இப்பிடித்தானே வச்சோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்க வச்சது ஓட்டு வீடுத்தா. சந்து பொந்துல காத்து வந்துக்கிட்டே இருக்கும். இது தளம் போட்ட வீடு. அதுலயும் தம்பி வேலைய ரொம்பச் சுத்தமாப் பாத்திருக்காரு" என்றார் பின்னாலேயே வந்த பால்பாண்டி அண்ணன்.

அவரே ஜன்னல் டேப்பை ஒவ்வொன்றாகக் கிழித்தார். தெர்மாகோலைப் பிடுங்கினார். அட்டையை இறக்கினார். பண்ணைக்கு நேரமாகிவிட்டதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய நாயைத் தெருவை விட்டு விரட்டச் சொன்ன நான், பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். வெட்கமே இல்லாமல், தேம்பித் தேம்பி. அவர் என் முதுகைத் தட்டி, "ஒண்ணும் ஆகல தம்பி. பிள்ள இன்னும் வரவே இல்ல" என்றார்.

நாலு மணிக்கு ஆட்டோ வந்தது. சேவலை நரி தூக்கியது, திருடன் தூக்கினான் என்று காலையில் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். மாமனார் அறைக்குள் போய் ஜன்னலைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு, "சேவல எங்கன பொதச்சீக?" என்று கேட்டார். முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் பால்பாண்டி அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவருக்குக் கண் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தபடி, குல்லா போட்டுத் துணியில் சுற்றித் தாயோடு அணைத்துப் படுக்கவைத்ததே பிள்ளைக்குப் போதுமாக இருந்தது. ஜிம்மியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இப்போது மகளுக்கு ஏழு வயது. அந்த ரெக்கார்டிங்கை என் மனைவி போனில் பத்திரமாக வைத்திருக்கிறாள். காதுகுத்து, புதுமனை, பெண் பார்க்கிற வீடு என்று சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அது ஓடும். நான் கட்டைவிரலை உயர்த்தும் இடம் வந்ததும், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள்கூடச் சொல்லிவைத்ததுபோல் விரலை உயர்த்துகிறார்கள். என் சம்சாரத்தின் சித்தப்பா மகன் கல்யாண போட்டோவில் இரண்டு வரிசை முழுக்கக் கட்டைவிரல்தான்.

விளக்கம் சொல்வது மட்டும் மகளின் வேலை, வேறு யாரையும் விடமாட்டாள். போன மாசம் பால்பாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அடடா, பாவம் அந்தச் சேவல்" என்றார்.

"அது சாகலேன்னா நான்தான் செத்திருப்பேன். அம்மாவும்" என்று சொல்லிவிட்டு, என் மகள் அவர் தட்டிலிருந்த மிக்சரில் கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எழுந்துபோய் அவள் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு வந்த பிறகு.