இதோ கிளம்புகிறார் பொன்னுரங்கம்

மனிதர்களில் ‘கிளம்புகிறவர்’ என்று ஒரு வகை உண்டு. ஊருக்குக் கிளம்புகிறவரைச் சொல்லவில்லை. அவர் பையை எடுப்பார், பேருந்தில் ஏறுவார், போய்விடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இவர் வேறு. கல்யாண வீட்டில் சம்பந்தி தம்மைப் பார்த்துக் கும்பிடவில்லை என்றால் கிளம்புவார், ஊர்க் கூட்டத்தில் தாம் பேச எழுந்த நேரத்தில் ஒருவர் இருமினால் கிளம்புவார், திருவிழா நோட்டீசில் தம் பெயர் இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு இறங்கியிருந்தால், அந்த நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, “அப்ப நான் இன்னாத்துக்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

கிளம்புவார். போக மாட்டார்.

இடது காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வலது செருப்பைத் தேடுவார். அது அவர் கண்ணெதிரேதான் கிடக்கும். அதைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது இந்த வகையினரின் சாத்திரம். யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து, “இன்னாங்க, நீங்களே போய்ட்டா எப்பிடி?” என்று கெஞ்சும் வரை அந்தச் செருப்பு அகப்படாது. கெஞ்சிய பிறகு தேட வேண்டிய அவசியமே இருக்காது. நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லையா? நம்பும்படியாக இல்லையே.

களமருதூர் பொன்னுரங்கம் இந்த வகையில் தலைசிறந்தவர். வயது அறுபதைத் தொட்டவர், சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கிளம்புவது ஒன்றுதான் அவருக்கு இருந்த பழக்கம். மாமனார் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். கோயில் கமிட்டியிலிருந்து கிளம்பியிருக்கிறார். இரண்டு கட்சிகளிலிருந்து கிளம்பியிருக்கிறார்; அவற்றில் ஒன்றில் அவர் உறுப்பினரே இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்திருக்கிறான். அதனால்தான் ஒரு சிறிய உண்மை அவருக்கு அறுபது வயது வரை தெரியாமலே போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரிட்டன்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்று ஓட்டுப் போட்ட செய்தி கொளஞ்சியப்பன் டீக்கடைக்கு வந்தபோது, பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

“மானஸ்தன்யா அவன்! கெளம்புறேன்னான், கெளம்பிட்டான்!”

எதிர்பெஞ்சில் ராஜாங்கம் இருந்தார். உரக்கடை வைத்திருப்பவர், எதற்கும் வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம் வைத்துப் பேசுகிறவர். “எங்க கெளம்பினான்? ஓட்டுதான போட்டிருக்கான்? சரக்கு எல்லாம் அந்தப் பக்கத்துலேருந்துதான வருது. நாளைக்குத் தக்காளிக்கு இன்னா பண்ணுவான்?”

“அவன் தக்காளிய அவன் வெளைவிச்சுக்குவான்.”

“பனி கொட்டுற ஊர்லயா? யோவ், வெள்ளிமலைக்காரன் சாமையும் தினையும் அவனே வெளைவிச்சுக்கிறான். உப்புக்குக் கீழ எறங்கித்தான ஆவணும்?”

“எறங்குவான். ஆனா எப்ப எறங்குறதுன்னு அவன் முடிவு பண்ணுவான். அதான்யா சொதந்திரம்!”

“மலைக்கு ஜீப்பு எப்ப வருதோ அப்பதான்யா எறங்குவான்.”

இப்படி ஆரம்பித்த வாதம் வருடக்கணக்கில் நடந்தது. களமருதூரில் இருந்த இரண்டு பேருக்கும் அந்தத் தீவில் ஒரு சித்தப்பா பிள்ளைகூடக் கிடையாது. அதனால் என்ன? பிரிந்தால் நடுக்கடலில் பிடிக்கிற மீன் யாருக்கு என்று பேசினார்கள்; பிரியாவிட்டால் மானம் யாருக்கு என்று பேசினார்கள்; அயர்லாந்துத் தீவின் நடுவே போகும் எல்லையில் வேலி போடலாமா, கூடாதா என்று ராஜாங்கம் விளக்கப் புகுந்தபோது, “கருவேல முள்ளு வெட்டிப் போட்டா முடிஞ்சிது” என்று பொன்னுரங்கம் ஒரே வாக்கியத்தில் அதைத் தீர்த்துவைத்தார். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்து தனி மாவட்டமானபோது அவருக்குப் புது பலம் வந்துவிட்டது. “நாம பிரிஞ்சோமே, கெட்டா போய்ட்டோம்?” என்றார். “எங்கப்பன் வச்ச கேசு பேப்பரு விழுப்புரத்துல இருக்குதா, கள்ளக்குறிச்சியில இருக்குதான்னு இன்னும் தேடிக்கினு இருக்கேன்” என்றார் ராஜாங்கம். லண்டன்காரர்கள் வெளியேறும் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தபோது மட்டும் பொன்னுரங்கத்துக்குக் கொஞ்சம் சங்கடம். அதையும் ராஜாங்கம் விடவில்லை. “உன் ஆளு ஒத்தக் கால்ல செருப்ப மாட்டிக்கினு நிக்கிறான் பாரு!”

இது வரையில் யாருக்கும் நஷ்டமில்லை. டீ ஆறியதைத் தவிர.

இனி கிணற்றுக்கு வருவோம். பொன்னுரங்கத்தின் பாட்டன் வெட்டிய கிணறு அது. இப்போது நாலு பங்கு. பொன்னுரங்கம், அவர் கூடப்பிறந்த தம்பி மாயவன், பெரியப்பா மகன் தங்கதுரை, சித்தப்பாவின் காலமான மகனுடைய மனைவி ஜெயம்மாள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை என்றால் தண்ணீர் மட்டுமல்ல. கூடவே ஒரு மூட்டைச் சட்டமும் உண்டு. மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் எரிந்தால் நாலு பேரும் சேர்ந்து செலவைக் கட்ட வேண்டும். தூர் வாரும்போது வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஒருவர் முறையில் கரண்டு போனால் மறுநாள் முறைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நால்வரும் ஒத்துக்கொண்டால் ஒழிய யாரும் கரும்பு போடக் கூடாது. கரும்பு ஒரு வருஷப் பயிர். கோடையில் அது குடிக்கிற தண்ணீரில் மற்ற மூவரின் பயிரும் காய்ந்துபோகும்.

அந்த மார்கழியில் பொன்னுரங்கம் கரும்பு போட வேண்டும் என்றார். மூவரும் வேண்டாம் என்றார்கள்.

“என் நெலத்துல இன்னா போடணும்னு நீங்க சொல்றதா?”

“நெலம் உன்னுது, யாரு இல்லன்னா? தண்ணி நாலு பேருதுண்ணே” என்றான் மாயவன்.

“அப்ப நான் கெளம்புறேன். இந்தக் கெணறே எனக்கு வாணாம். போர் போட்டுக்கிறேன்.”

மார்கழியைக் கவனியுங்கள். அடுத்தடுத்து இரண்டு புயல் வந்து போயிருந்த ஆண்டு அது. கிணறு கைக்கெட்டும் உயரத்தில் நிரம்பிக் கிடந்தது. நிரம்பிய கிணற்றிலிருந்து வெளியேறுகிறவனுக்கு இருக்கும் வீரத்தைப் பற்றி என்ன சொல்ல? தண்ணீர் உள்ளபோதுதான் நமக்குத் தாகமே இல்லை என்று தெரிகிறது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். நிதானமாகத்தான் நடந்தார். மாயவன் வருவான், கூடப்பிறந்த ரத்தம். இல்லாவிட்டால் தங்கதுரை வருவான், இளகின மனசு. முதலில் யார் வந்தாலும் உடனே திரும்பக் கூடாது, இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்று ஒரு முடிவோடு, ஒரு வேப்பங்கன்றின் அருகே நின்று, அதில் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்த்தார். பூச்சி இல்லை. பின்னால் காலடியும் இல்லை. ஜெயம்மாளின் குரல் மட்டும் கேட்டது.

“சரிங்க மாமா.”

கோபமில்லை, அழுகையில்லை. ஊருக்குப் போகிறவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அறுபது வயது வரை அவருக்குத் தெரியாமல் இருந்த சிறிய உண்மை இதுதான்: கிளம்புகிறேன் என்று சொன்னால், சில பேர் சரி என்றும் சொல்வார்கள்.

வீட்டில் மனைவி சாலம்மாள் கேட்டாள்: “கெணத்துல நம்ம கால் பங்க இன்னா பண்ணுவீங்க? வெட்டி எடுத்துக்கினு வருவீங்களா?”

“உனக்கு அரசியல் தெரியாது.”

“தெரியாதுதான். எனக்குத் தண்ணிதான் தெரியும்.”

அந்த வாரம்தான் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுக் கிராம நிர்வாக அலுவலகத்தில் மனுக் கொடுக்க ஊரே திரண்டது. முகக்கவசம் பாதி முகத்திலும் பாதி தாடையிலுமாக முன்வரிசையில் பொன்னுரங்கம் நின்றார். “எங்க பங்க எங்களுக்குக் குடு!” என்று அவர் போட்ட கோஷம் எலவனாசூர்கோட்டை வரை கேட்டிருக்கும். களை பறித்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “ஊரே இல்லாத பங்க கேட்டுப் போவுது. எங்க மூத்தாரு, இருக்கிற பங்க வுட்டுட்டுப் போறாரு.”

அந்த வாக்கியம் அவருக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியேறிய பிறகு சும்மா இருக்க முடியுமா? கரும்பு நட்டார். கிணற்றிலிருந்து ஜெயம்மாள் நிலத்துக்குப் போகும் வாய்க்கால் தம் நிலத்தின் நடுவே ஓடுவதைக் கண்டு, “இது இனி என் எல்லை, மூடப் போறேன்” என்றார். பாட்டன் காலத்து வாய்க்காலை மூட வழக்கத்தில் இடமில்லை என்று தங்கதுரை சொன்னான். செய்தி கேட்ட ராஜாங்கம் பெஞ்சில் அடித்துச் சிரித்தார். “நாலு வருசமா அயர்லாந்து, அயர்லாந்துன்னு தொண்ட வத்தக் கத்தினேனே, அது ஜெயம்மா வாய்க்காதான்யா! போய் முள்ளு வெட்டிப் போடேன், பாக்கலாம்!” பொன்னுரங்கம் போடவில்லை. ஜெயம்மாள் முறையில் அவள் தண்ணீர் அவர் கரும்பின் காலடியில் சலசலத்துக்கொண்டு ஓடியது. கரும்பு பார்த்துக்கொண்டிருந்தது.

போர் போட்டார். தண்ணீரும் வந்தது. அன்று ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள்தான் மோட்டாருக்குக் கரண்டு வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவர் இத்தனை வருஷமாகக் கண்ட இலவச மின்சார இணைப்பு பாட்டன் பெயரில் இருக்கிறது. பாட்டன் பெயர் கிணற்றோடு இருக்கிறது. கிணற்றைத்தான் வாணாம் என்றுவிட்டாரே! புது இணைப்புக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் காலமாகி, அவர்கள் பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீசல் இன்ஜின் வைத்து இறைத்தார். அந்தச் சத்தத்தில் ஊருக்கே தெரிந்தது, அவர் சுதந்திரமாக இருப்பது.

பங்குனி பிறந்தது. டீசல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. கரும்பு அடித்தோகையிலிருந்து பழுக்க ஆரம்பித்தது. வீட்டு நகை ஏற்கெனவே கரும்புக்குள் போயிருந்தது. இந்தப் பயிர் போனால் அடுத்த பட்டத்துக்கு நிலம் தரிசுதான். பொன்னுரங்கம் மோட்டார் கொட்டகைக்குப் போனார். மூவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றார். தமக்காகக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் பயிருக்காகக் கேட்டார்.

“பயிரு வாடுது. அது இன்னா பாவம் பண்ணிச்சு?”

“பயிருக்குத் தண்ணி வுடலாங்க மாமா” என்றாள் ஜெயம்மாள். “பயிரு ஒரு நாளும் கெளம்புறேன்னு சொன்னதில்ல.”

மாயவன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினான். பிறகு நிபந்தனைகளை அவனே சொன்னான். பழையபடி நாலாம் நாள் தண்ணீர். காயில் எரிந்தால் பங்கு கட்ட வேண்டும். தூர் வார ஆள் அனுப்ப வேண்டும். இந்தக் கரும்பு வெட்டியதும் மறு கரும்பு கிடையாது.

எல்லாம் பழைய சட்டமே. பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. ஒன்றும் நடக்காததுபோலத் தொட்டி விளிம்பில் தம் வழக்கமான இடத்தில் உட்காரப் போனார்.

“அது பங்காளிங்க ஒக்கார்ற எடம் மாமா.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க வெளிய போனவரு. ஒங்களுக்குத் தண்ணி உண்டு. சட்டம் உண்டு. பேச்சு இல்ல.”

“இன்னாம்மா இது! சட்டத்துக்கு மட்டும் நான், முடிவு பண்ண நீங்களா? அதுக்கு என்னைய மறுபடி பங்காளியாவே சேத்துக்கலாமே?”

“சேத்துக்கலாம்” என்றாள் ஜெயம்மாள். “உள்ள வந்தா மறுபடியும் கெளம்புவீங்க. எங்களுக்கு அந்த ரோதனையே வாணாம். வெளியவே இருங்க. வெளிய இருக்கிறவரு எங்க கெளம்ப முடியும்?”

பொன்னுரங்கம் துண்டை உதறினார். “அப்ப நான்...” என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் தொண்டை வரை வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அவர் சொல்லிப் பழகிய சொல் அது. அதைச் சொல்ல இப்போது அவருக்கு ஓர் இடம் இல்லை. துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு, மடை திருப்ப மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கரும்பு பிழைத்தது. டீக்கடையில் அவர் இப்போது இப்படிச் சொல்கிறார்: “தண்ணி வருது. கூட்டம் கீட்டம்னு போற தொல்ல இல்ல. பிரிட்டன்காரனுக்கும் இதான்யா நான் சொல்லுவேன்.” ராஜாங்கம் டீயை ஆற்றிக்கொண்டு அவரையே பார்க்கிறார்.

வாசகரே, அடுக்குமாடிச் சங்கத்தின் வாட்சப் குழுவிலிருந்து விலகி, யார் மீண்டும் சேர்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்களா? அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காமல், மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தவர் நீங்களா? சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் காதை வைத்திருந்தவர் யார்? இல்லை என்கிறீர்கள். நல்லது. இதையெல்லாம் தம்மைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று கோபம் வந்து, இதற்குமேல் ஒரு வரியும் படிக்க மாட்டேன் என்று புத்தகத்தை மூடப் போகிறவர் தாராளமாக மூடலாம்.

கட்டுரை முடிந்துவிட்டது.