சேற்றில் மாட்டிய அம்மாவின் ஓட்டு

ஆஷ்க்ராஃப்ட், வெர்மான்ட்
புதன்கிழமை, பள்ளி விட்டு வந்ததும்

பெருமதிப்பிற்குரிய லிடியா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் ஹேட்டி வணக்கத்துடன் எழுதுவது.

ஒரிகன் மழையில் நீங்களும் உங்கள் இரண்டு பூனைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், நான் நலம். அம்மாவும் நலம், ஆனால் அவளுடைய குடல்வால் மட்டும் இப்போது எங்களுடன் இல்லை. பதற வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய அகராதியில் தினம் இரண்டு பக்கம் படிக்கிறேன். எட்டாம் வகுப்புச் செயலாளர் தேர்தலில் அக்டோபரில் நான் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்ததை முன்பே எழுதியிருந்தேன். இந்தக் கடிதமும் ஒரு ஓட்டைப் பற்றியதுதான், ஆகவே உட்கார்ந்து படிக்கவும்.

அம்மா இந்த வருடம் ஊர்ச் சாலை அதிகாரி பதவிக்கு நின்றது உங்களுக்குத் தெரியும். எதிரே நின்றவர் பத்தொன்பது வருடமாக அந்தப் பதவியில் இருக்கும் வெண்டல் பர்ட் அங்கிள். போன வருடம் பனி உருகிய காலத்தில் கெட்டில் மேட்டுச் சாலையில் பள்ளிப் பேருந்து நான்கு தடவை புதைந்தது. நான்காவது தடவை பதினோரு பிள்ளைகளும் இறங்கி நடந்தோம். என் இடது கால் பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தேர்தலில் நிற்பது என்று அம்மா முடிவெடுத்தது அன்றைக்குத்தான். யார் யாருக்குப் போடுவார்கள் என்று வீடு வீடாக ஒரு நோட்டில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. நிலைமை இப்படி இருக்கும்போது, தேர்தலுக்கு முந்தின நாள் காலை, பான்கேக் திருப்பிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நகர மருத்துவமனையில் மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அம்மா ஏதாவது அன்பாகச் சொல்லுவாள் என்று அப்பா ஆவலோடு குனிந்திருக்கிறார். அம்மா கண்ணைத் திறந்து, "டக், என் ஓட்டு என்னாகுறது?" என்றாளாம்.

அப்பா காரைக் கிளப்பி ஊர் அலுவலகத்துக்குப் போனபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். எழுத்தர் ஆர்டித் ஆன்ட்டி கோட்டின் ஒரு கையை மாட்டிவிட்டிருந்தார். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் கேட்டுவிட்டால் மறுநாள் நோயாளியின் படுக்கைக்கே ஓட்டுச்சீட்டு போகும். ஆனால் அதைக் கொண்டு போகிறவர்கள் ஊரார் தேர்ந்தெடுத்த சமாதான நீதிபதிகளில் இரண்டு பேராக இருக்க வேண்டும், அந்த இரண்டு பேரும் வெவ்வேறு கட்சியாக இருக்க வேண்டும், ஒருவர் தப்புப் பண்ணினால் மற்றவர் பார்த்துக்கொள்ள. அவர் கோட்டைக் கழற்றாமலே எழுதிக்கொண்டு யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் புளோரிடாவில், மற்றவர்களுக்குச் சாவடி வேலை. மிஞ்சியவர்கள் ஓரின் ஸ்டோடார்ட் அங்கிளும் கிளாடெட் பூஷே ஆன்ட்டியும். பதினோரு வருடத்துக்கு முன் மேப்பிள் பாகுப் போட்டியில் ஆன்ட்டி நடுவராக இருந்து அங்கிளின் பாகுக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை தேர்தலுக்காகப் பள்ளி விடுமுறை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சி, அரசியல் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்து, நானும் ஓரின் அங்கிள் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வேலை வந்துவிட்டது.

"ஹேட்டிம்மா, பக்கத்துல இருக்கிற அந்தம்மாகிட்ட ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு, குளிருது," என்றார் ஓரின் அங்கிள்.

"ஹேட்டி, ஓட்டுறவர்கிட்ட சொல்லு, அவர் நாயோட வாசனை போற வரைக்கும் ஜன்னல் இப்படித்தான் இருக்கும்னு."

இரண்டையும் ஒரு வார்த்தை மாறாமல் சேர்ப்பித்தேன். இப்படியே கெட்டில் மேடு வரை வந்தோம். வளைவு தாண்டியதும் கார் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. என் பூட்ஸ் போன அதே இடம், அத்தை. உதவிக்கு ஒருவர் நடந்து போகலாம்தான். ஆனால் ஓட்டுச்சீட்டு உறையை மற்றவரிடம் தனியாக விட இருவருக்குமே மனம் வரவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபடி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே நான் நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு புகைபோக்கிதான் புகைந்தது. அது பர்ட் அங்கிள் மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகை.

வாசலில் ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். வேறு வழி தெரியவில்லை. அவர் பாகுத் தட்டைக் கிளறிக்கொண்டே எங்கே மாட்டியது என்று கேட்டார். கெட்டில் மேட்டில் என்றேன். ரோடு அவ்வளவு மோசமா என்று கேட்டார். கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்றேன். இந்தக் கதை முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அது. எதற்காகப் போகிறோம் என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், அம்மாவுக்கு ஓட்டுச்சீட்டு கொண்டு போகிறோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார். பாகு பதம் வரும் நேரம், விட்டுப் போனால் தீய்ந்துவிடும். அப்புறம் அடுப்பில் இருந்த கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்.

"உங்கம்மா ஓட்டுப் போடாம நான் ஜெயிச்சா, சேறுதான் இவனை ஜெயிக்க வச்சதுன்னு இருபது வருஷம் பேசுவானுங்க. ஏறு வண்டியில."

லாரியில் சங்கிலி கட்டி அவர் முன்னே இழுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நீதிபதிகள் இருவரும் பின்னாலிருந்து ஒற்றைக் கையால் தள்ளினார்கள். அடுத்த கையால் உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். கார் வெளியே வந்தது. கூடவே சாலையில் பாதியும் வந்து அவர்கள் மேல் விழுந்தது.

"கிளாடெட், உன் மூக்குல சேறு," என்றார் ஓரின் அங்கிள்.

"உன் மூக்கு எங்கன்னே தெரியலையேப்பா," என்றார் ஆன்ட்டி.

பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இதுதான். அதற்கப்புறம் மருத்துவமனை போய்ச் சேரும் வரை நிறுத்தவே இல்லை. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நர்ஸ் எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே மறித்து, கைகால் கழுவவைத்து, காகித அங்கி மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. அம்மா தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நீதிபதிகள் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். என்னையும் அப்பாவையும் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ரோடு எப்படி இருந்தது என்று கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசக்கூடாது என்றார் கிளாடெட் ஆன்ட்டி. அவர் காதோரம் அப்போதும் சேறு இருந்தது.

ஏழு மணிக்குச் சாவடி மூடும். இந்த முறை சுற்று வழியில் வந்து ஆறு ஐம்பத்தொன்றுக்கு உள்ளே நுழைந்தோம். எங்கள் பின்னாலேயே பர்ட் அங்கிள் பாகு மணக்க ஓடி வந்து, கடைசி ஆளாகத் தன் ஓட்டைப் போட்டார். ஒவ்வொரு சீட்டாகக் கையால் எண்ணினார்கள். அம்மாவுக்கு நூற்றுப் பதினெட்டு, பர்ட் அங்கிளுக்கு நூற்றுப் பதினேழு. அத்தை, அந்த ஒரு ஓட்டு அம்மாவின் ஓட்டு. நாற்பது நிமிட தூரத்திலிருந்து தலைக்கு மேல் தூக்கி வந்த ஓட்டு. ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினேன்.

அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார். அம்மா தையல் பிரித்ததும் எழுதுவாள். பூனைகளுக்கு என் முத்தம். உங்கள் ஊர்ச் சாலைகள் எப்போதும் காய்ந்திருக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஹேட்டி கிம்பல்
(செயலாளர், எட்டாம் வகுப்பு)

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். பர்ட் அங்கிள், கட்டைகளை இழுத்துப் போட்டும் தீய்ந்துபோன பாகில் ஒரு பாட்டில் கொண்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். உன் சொந்த ஓட்டில்தான் ஜெயித்தாய் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் வெண்டலுக்குத்தாண்டி போட்டேன். தனக்குத் தானே யாராவது போட்டுக்குவாங்களா, அசிங்கமா இருக்காது?" என்றாள். பர்ட் அங்கிள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அட, நான் உனக்குல்ல போட்டேன்," என்றார். அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் எங்களை இழுத்துவிடாமல் இருந்திருந்தால் அம்மா இரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பாள். அவர் தனக்கே போட்டிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். ஒழுங்காக வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள் என்று அம்மா சொன்னாள். அப்புறம், அக்டோபரில் நீ ஒரு ஓட்டில் ஜெயித்தாயே, நீ யாருக்குப் போட்டாய் என்று சும்மா கேட்டாள். எனக்கு உடனே இருமல் வந்துவிட்டது. அத்தை, இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.