கப்பலில் வந்த சுவிஸ்காரர்கள்

பதினொரு வருடம் குடியிருந்த ஊரைப் பற்றி ஐந்து பேர் முன்னால் மூச்சுவிடாமல் பேசி, அதில் ஒரு தகவல்கூட அந்த ஊருக்குப் பொருந்தாமல் பார்த்துக்கொண்ட மனிதன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

சுவிஸில், எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன மலையூர். பெயரைச் சொன்னால் அங்கே உள்ளவர்கள் மறுபடியும் சிரிக்கத் தொடங்குவார்கள், வேண்டாம். நான் அங்கே ஒரு ஹோட்டலில் சமையல்காரன். மனைவி சாந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சுவிஸுக்கு வந்த பிறகு பிறந்த மகள் அபிக்கு அப்போது பதின்மூன்று வயது. மூவருக்குமாகச் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அந்தச் சிவப்புப் பாஸ்போட்டுக்குத்தான். மிச்சம் இருந்தது ஊர்ச்சபையின் நேர்முகம் மட்டும். ஊரின் சனத்தொகை, நிலவமைப்பு, வரலாறு எல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று ஊஸ்டர் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் வெருட்டியிருந்தார்.

எனக்கா பயம்? யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலில் வளர்ந்தவன் நான். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் முற்றுப்புள்ளி வரைக்கும் ஒப்புவிப்பேன். (விளங்கிக்கொள்ளப் போனால் பாடமாக்கும் நேரம் வீணாகும் என்பது அந்தக் காலத்து என் கொள்கை.)

ஊரின் இணையத்தளத்தைத் திறந்தேன். எல்லாம் ஜெர்மன். மூலையில் ஆங்கிலப் பக்கத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் பழைய வியாதி. அழுத்தினேன். சனத்தொகை, நிலவமைப்பு, வரலாறு என்று மூன்று தலைப்புகள். கேள்வித்தாளே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. ஊர்ப் பெயருக்கு முன்னால் மட்டும் ‘நியூ’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் எங்கள் ஊரையும் பக்கத்து இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே சபை ஆக்கியிருந்தார்கள். புதுச் சபைக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

உண்மை வேறு. முன்னொரு காலத்தில் வறுமை தாங்காமல் எங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் அமெரிக்காவில் ஒரு குட்டி ஊரை உண்டாக்கி, எங்கள் ஊர்ப் பெயரையே ‘நியூ’ சேர்த்து அதற்கு வைத்திருந்தார்கள். உறவு விட்டுப்போகக் கூடாது என்று எங்கள் தளத்தில் போட்டிருந்த அந்த ஆங்கிலப் பக்கம் முழுவதும் அமெரிக்காவில் இருக்கும் அந்த ஊரைப் பற்றியது.

ஹோட்டல் அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்தேன். கைப்பேசியில் ஜெர்மனுக்கு மாற்றி, வெங்காயம் வெட்டும்போதெல்லாம் பாடமாக்கினேன். சாந்திக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவள் நாலு வரி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இஞ்சருங்கோ, இதில சோளத் தோட்டம் எண்டு கிடக்கு. இஞ்ச எங்கை சோளம்?”

“ஊருகள் சேர்ந்தது தெரியாதோ? அங்கால பக்கம் இருக்கும்.”

“நிலம் தட்டையாமெல்லோ. யன்னலைத் திறந்து பாருங்கோவன்.”

“அது அரசாங்கம் எழுதினது. நீர் அங்க வந்து வாய் திறக்காதையும். நான் கதைக்கிறன், நீர் சிரிச்சுக்கொண்டு இரும்.”

அவள் சொன்ன யன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை ஒன்று நின்றது. குளிர்காலத்தில் மத்தியானம் வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வெயில் வராததற்குக் காரணமே அந்த மலைதான்.

நேர்முகத்தில் ஊர்ச்சபைத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பேக்கரிக்காரர், இன்னும் இருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நாங்கள் மூவரும் இந்தப் பக்கம். தலைவர் முதலில் என்னைப் பார்த்து, “நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்றார்.

கொஞ்சமா? சனத்தொகையைக் கடைசி இலக்கம் வரைக்கும் சொன்னேன். பேக்கரிக்காரர் புருவத்தை உயர்த்தினார். மனிதர் வியந்துபோனார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். நிலம் சமதரை, மலைகள் கிடையாது, சோளமும் சோயாவும் நன்றாக விளையும் என்றேன். அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய யன்னல் முழுக்க மலை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“வரலாறு?” என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

“எங்கள் ஊரை உருவாக்கியவர்கள் சுவிஸ்காரர்கள்” என்றேன் பெருமையாக.

“அப்படித்தான் நாங்களும் நினைக்கிறோம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?”

“சுவிஸிலிருந்து. கப்பலில்.”

“கப்பலிலா?”

“ஆமாம். பல வாரங்கள் கடலில் மிகவும் கஷ்டப்பட்டார்கள்.”

பேக்கரிக்காரர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நான் சொன்னதெல்லாம் எந்தக் கண்டத்தைப் பற்றியது என்று பொறுமையாக விளக்கினார்.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. என் முன்னால் மேசையில் கிடந்த பிரிண்டைக் காட்டி, “இந்தத் தாளை உங்களுக்கு யார் தந்தது?” என்று தலைவர் கேட்டார். அது விசாரணைகூட இல்லை, சும்மா கேட்டார். பாஸ்போட் கைவிட்டுப் போகிறது என்ற பதற்றத்தில் நான் சொன்னேன்:

“என் மனைவிதான் பிரிண்ட் எடுத்தாள்.”

அபி வாயைத் திறந்தாள். சாந்தி அவள் கையைப் பிடித்து அமத்தினாள். பிறகு தலைவரைப் பார்த்து, “ஓம், என் பிழை” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து அவளிடம் கேட்டார்கள். பனி உருகும்போது எந்த ஓடை கரை மீறும், எந்த மலையில் பனிச்சரிவு வந்து எத்தனை வீடு போனது, எந்தக் குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது, எல்லாம் சொன்னாள். முதியோர் இல்லத்தில் தலை வாரிவிடும்போது கேட்டுவைத்த கதைகள். என் ஊரைப் பற்றி அன்றைக்குத்தான் நானும் முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்பும் வழியில், “சாந்தி, அந்த நேரம் எனக்கு...” என்று இழுத்தேன்.

“விடுங்கோ. உங்களுக்குப் பாஸ்போட் கிடைக்கவேணும் எண்டுதான் ஓம் எண்டனான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடிதம் வந்தது. சாந்திக்கும் அபிக்கும் சம்மதம். நான் மட்டும் ஊரைத் தெரிந்துகொண்டு அடுத்த வருடம் வரவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தி என்னைக் கூட்டிக்கொண்டு நடந்து ஒவ்வொரு மலையாகக் காட்டினாள். மறுவருடம் எனக்கும் சிவப்புப் பாஸ்போட் கிடைத்தது. ஆனால் வீட்டில் எனக்குக் கிடைத்த தண்டனைக்கு முடிவுத் தேதி கிடையாது. வீட்டுக் கதவின் திறப்பைத் தொலைத்தாலும், ரயிலைத் தவறவிட்டாலும், நான் காரணம் சொல்லத் தொடங்குமுன் அபி முந்திக்கொள்வாள்: “தெரியும் அப்பா, அம்மாதான் பிரிண்ட் எடுத்தவ.”

போன மாதம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஆட்டுக்கறியில் உப்புக் கூடிவிட்டது. சமைத்தவன் நான், அதுவே எனக்குச் சோறு போடும் தொழில். ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு அவசரமாகத் தண்ணீரைத் தேடினார். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி அமைதியாகச் சொன்னாள்:

“ஓம், என்ரை பிழை.”

அபிக்குச் சிரித்துப் புரைக்கேறியது. விருந்தாளிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சட்டியைக் கிட்ட இழுத்து வைத்து, அந்தக் கறி முழுவதையும் நானே தின்று முடித்தேன்.