லாரித் தகட்டுக்குக் காவல்

ஜவுளிக்கடை முதலாளியுடைய அப்பாவின் பழைய லாரிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் போட்ட விலை, கிலோவுக்கு இருபத்தெட்டு. முதல் துணி மூட்டையை அப்பா ஏற்றிவந்த வண்டி அது. மகனுக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். அதையெல்லாம் எடை போட முடியாதென்பதால் முதலாளி விற்க மறுத்துவிட்டார்.

மனைவி கெடு வைத்தாள். "அஞ்சு வருஷமா வாசலை அடைச்சிக்கிட்டு நிக்குது. சனிக்கிழமை பெயின்டர் வர்றார். அன்னிக்கு பெயின்ட் ஏறலைன்னா இரும்புக் கடைக்காரரை நானே கூப்பிடுவேன்."

செவ்வாயன்று டிங்கர் பழைய பெயின்டைச் சுரண்டி, ஒடுக்கெடுத்து, கதவுகளை வெறும் தகடாக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"முதலாளி, வெறும் தகடு பச்சப்புள்ள மாதிரி. காத்து பட்டாலே துருப்பிடிக்கும். துருத் தடுப்புத் திரவம் ஒரு கேன் வாங்குங்க, தேச்சு விட்டுட்டுப் போறேன்."

"என்ன விலை?"

டிங்கர் சொன்னார். முதலாளி சிரித்தார். "முப்பது வருஷமா சாயம் போகாதுன்னு சொல்லியே துணி விக்கிறவன் நான். எங்கிட்டயே தண்ணிய விக்கிறீங்களா? நாலு நாள்தானே, நானே பாத்துக்கிறேன்."

டிங்கர் தலையைச் சொறிந்தபடி முதலாளியின் மனைவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

புதன் மாலை கடையிலிருந்து வந்த முதலாளி திடுக்கிட்டார். காலையில் முகம் பார்க்கலாம்போல் மின்னிய கதவில் இப்போது மங்கலாக ஒரு வெள்ளைப் படலம்.

"எவனோ எதையோ பூசியிருக்கான்!"

"எவன் வந்து பூசப்போறான்?" என்றாள் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

"அந்த இரும்புக் கடைக்காரன்தான். சரக்கை அழுக்காக்கி விலையைக் குறைக்கிறது எங்க பரம்பரை வித்தை. எனக்கா தெரியாது?"

தின்னரும் உப்புத்தாளும் எடுத்துத் தகடு பளபளக்கும்வரை தேய்த்தார்.

"அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்க."

"நீ சும்மா இரு. சரக்குன்னா மின்னணும்."

வியாழன் மாலையும் அதே வெள்ளை. தின்னர் தீர்ந்துபோயிருந்தது. சோப்புத் தண்ணீரால் கழுவினார். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டி, சாவியை உலகத்திலேயே தான் நம்பும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தார். மனைவி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெள்ளி மாலையும் வெள்ளைதான். பூட்டின கேட்டை எகிறிக் குதித்து, ஒரு சொட்டு சிந்தாமல் பூசிவிட்டுப் போகும் எதிரியின் மேல் முதலாளிக்கு மரியாதையே வந்துவிட்டது. இப்படி ஒரு ஆள் நம் கடை வேலைக்குக் கிடைக்கமாட்டேன் என்கிறானே! மறுபடி கழுவித் தேய்த்தார். எதற்கும் இருக்கட்டுமென்று, ஈரம் காயுமுன் தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டினார்.

சனிக்கிழமை பெயின்டர் வந்தார். மோப்பம் பிடித்ததுபோல் இரும்புக் கடைக்காரரும் வந்து கேட்டோரம் நின்றார். தார்ப்பாய் விலகியது. கதவு முழுக்கச் செம்பழுப்புத் துரு. நடுவில் முதலாளியின் ஐந்து விரல்களும் ரேகையோடு பதிந்திருந்தன.

"இதுமேல அடிச்சா ஒரே மாசத்துல உரிஞ்சிடும். நான் கை வைக்க மாட்டேன்" என்றார் பெயின்டர்.

முதலாளி இரும்புக் கடைக்காரரின் பக்கம் விரலை நீட்டினார். "விலையைக் குறைக்கத்தானே தினமும் வந்து பூசினே?"

"அழுக்கா இருந்தாலும் இரும்பு எடை ஒண்ணுதானே, முதலாளி?"

இத்தனை வருட வியாபாரத்தில் இந்தச் சின்ன விஷயம் தன் புத்திக்கு எட்டவில்லையே என்று முதலாளிக்கு வெட்கமாக இருந்தது. நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். அப்பாவின் ஸ்டீரிங்கை ஜன்னல் வழியே ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"நீ வச்ச கெடு கெடுதான். வண்டியை அவருக்கே குடுத்துடு" என்றார் மனைவியிடம்.

அவள் உள்ளே போனாள். முக்கால்வாசி காலியான ஒரு கேனைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்தாள்.

"அண்ணே, நீங்க போங்க, வண்டி விக்கிறதுக்கில்ல. பெயின்டர், நீங்க அடுத்த சனிக்கிழமை வாங்க." பிறகு புருஷன் கையில் உப்புத்தாளைத் திணித்தாள். "டிங்கர் சொன்ன திரவத்தை நான் மூணு தடவை பூசினேன், நீங்க மூணு தடவை துடைச்சீங்க. நம்ம ரெண்டு பேர் கணக்கும் நேராயிடுச்சு, துரு மட்டும்தான் பாக்கி."